கண்ணாடிக் குழாய்க்கு வந்த கோடிச் சேலை

என் காலில் கம்பி ஏறியதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தவர், மணியார்டர் அனுப்ப வந்த ஒருவர்.

சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டின் முன்னறைதான் கிளைத் தபால் நிலையம். அதற்கு நான் போஸ்ட் மாஸ்டர். விடிந்ததும் திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்விட்டு, குளித்துச் சாப்பிட்டு, முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியுமாக நேரத்துக்கு உட்கார்ந்துவிடுவேன். அன்று தோட்டத்திலேயே நேரமாகிவிட்டது. காலைக்கூடக் கழுவாமல் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த மனிதர் பாரத்தை நிரப்பிக்கொண்டே கீழே பார்த்தார்.

"என்னம்மா, தரையில செகப்பு மையக் கொட்டிட்டீகளா?"

"தபாலாபீசுல ஏதுய்யா செகப்பு மை? இங்கன எல்லாம் கறுப்புத்தான். எழுதுறதப் பாத்து எழுதுங்க" என்று அதட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவர் மறுபடியும் விரலை நீட்டினார். வாசலிலிருந்து என் மேசைவரை வரிசையாகச் சிவப்புத் தடம். எல்லாம் வலது கால். பாதத்தைத் தூக்கிப் பார்த்தால் பந்தல் கட்டும் கம்பியில் அரை விரல் நீளத் துண்டு உள்ளங்காலில் ஏறி நிற்கிறது. பிடுங்கினேன். வலிக்கவே இல்லை. வலிக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. மஞ்சளை அரைத்து வைத்துக் கட்டிக்கொண்டு, மணியார்டருக்கு ரசீது போட்டுக் கொடுத்தேன்.

வலிக்காததுதான் வினை என்று மூன்று வாரத்தில் தெரிந்தது. எனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. நினைவு வந்தால் மாத்திரை, வராவிட்டால் இல்லை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்ததே எனக்குத் தெரியாது. புண் ஆழமாகிக்கொண்டே போனது. சுண்டுவிரல் கறுத்தது. தபால் வாங்க வந்தவர்கள் மூக்கைத் துடைப்பதுபோல் துண்டை வைத்துக்கொண்டு நின்றபோதுதான், நாற்றம் என்னிடமிருந்து வருகிறது என்று புரிந்தது. கம்பத்தில் பார்த்த டாக்டர் தேனிக்குப் போகச் சொன்னார். தேனி டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே கையால் ஒரு கோடு காட்டினார்.

அது 2006. எனக்கு நாற்பத்தாறு வயது. திராட்சைத் தோட்டத்தில் வேலை என்றால் பந்தலுக்கு அடியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நாள்முழுக்க நிற்பதுதான். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? என் கணவர் அதிகம் பேசாதவர். அன்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. "குடுங்க இங்கிட்டு" என்று பிடுங்கிக்கொண்டேன்.

டாக்டர் மறுபடி கூப்பிட்டார். வெட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம் என்றார். பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது, அதற்குள் படுக்கவைத்து ஆக்சிஜனை அழுத்தத்தோடு கொடுப்பார்கள், ஞாயிறு தவிர தினமும் ஒரு தடவை, முப்பது தடவை.

"மூச்சுக்குக் குடுக்குற ஆக்சிஜன் காலுக்கு எப்பிடிப் போகும்?" என்று கேட்டேன்.

அவரும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்தான். "ஒங்க காலு கடைமடைம்மா. மதகத் தெறந்தும் தண்ணி வந்து சேரல. சர்க்கரையால வாய்க்கால் எல்லாம் தூந்து கெடக்கு. சும்மா மூச்சு விட்டா, ரத்தத்துல இருக்க செகப்பணுதான் ஆக்சிஜனச் சொமந்துக்கிட்டுப் போகணும். அமுக்கிக் குடுத்தா ரத்தத்தோட தண்ணியிலயே கரைஞ்சு, போகாத எடத்துக்கும் கொஞ்சம் போகும். மந்திரமெல்லாம் இல்ல. ஊசி போடணும், வாயக் கட்டணும், புண்ணச் சுரண்டிச் சுத்தம் பண்ணணும். எல்லாம் சேந்து பிடிச்சாக் காலு நிக்கும். இல்லாட்டி வெட்டுறதுதான்."

கடைமடை என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. சரி என்றேன்.

குழாயைப் பார்த்துக்கொண்டது ஒரு மலையாளத்துப் பெண். என் வயதில் பாதிதான் இருக்கும், ஆனால் சட்டம் பேசுவதில் எனக்கு அக்கா. முதல் நாளே அறைக்குள் விடவில்லை. என் தலையை முகர்ந்து பார்த்தாள்.

"முடியில எண்ண உண்டல்லோ? எண்ண பாடில்ல அம்மா. உள்ள முழுக்க ஆக்சிஜன். சின்னப் பொறி போதும், பத்திப் பிடிச்சிரும்."

பிறந்ததிலிருந்து எண்ணெய் வைக்காமல் நான் வெளியே கிளம்பியதில்லை. வாக்குவாதம் செய்து பார்த்தேன், நடக்கவில்லை. அங்கேயே குளியலறையில் இரண்டு தடவை சீயக்காய் போட்டு அலசிக்கொண்டு வந்தேன். எண்ணெயோடு முடியவில்லை. பூ கூடாது, பவுடர் கூடாது, ஸ்டிக்கர் பொட்டு கூடாது, வளையல் கூடாது, நைலக்ஸ் சேலை கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வெள்ளைப் பருத்தி அங்கி மட்டும்தான். தாலிச் செயினையும் கழற்று என்றபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். என் கணவர் வெளியே போய், மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கிவந்து, அந்த வராந்தாவிலேயே இன்னொரு தடவை எனக்குத் தாலி கட்டினார். அவள் அதை ஆட்சேபிக்கவில்லை. கட்டும்போது அந்த மனிதர் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன்.

உள்ளே படுக்கவைத்துக் கதவைப் பூட்டியதும் அழுத்தம் ஏறும். காது இரண்டும் அடைத்துக்கொள்ளும். "குமுளி மல எறங்கும்போ பஸ்ஸில செய்யுமல்லோ, அது மாதிரி எச்சில் முழுங்குங்க" என்று மைக்கில் சொல்வாள். மலையடியில் லோயர் கேம்ப் வரும்வரை முழுங்குவதுபோல் முழுங்குவேன். பிறகு ஒன்றரை மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும். வாசிக்க முடியாது, பேச ஆள் கிடையாது. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

சும்மா கிடந்தால் நினைப்பு எங்கே போகும்? என் அண்ணனிடம்தான் போகும்.

கெங்குவார்பட்டியில் என் அண்ணன் இருக்கிறான். எங்கள் இருவருக்கும் பேச்சில்லாமல் போய் அப்போது ஏழு வருடம். தப்பு என்னுடையது. என் மகனுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி பறந்தார். எனக்குப் பொறுமை என்பது எப்போது இருந்தது? ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் அங்கே நின்றான், அவன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்தச் சொல்லிவிட்டேன். கால்மணி நேரம் கழித்து என் அண்ணன் சீர்த்தட்டோடு ஓடிவருகிறான். பிள்ளை காதில் கடுக்கனோடு அழுதுகொண்டிருக்கிறது. தட்டைக் கீழே வைத்தான். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த வழியே திரும்பிவிட்டான். அதன்பிறகு பொங்கலுக்குச் சேலை வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. ஒரு மன்னிப்பை அஞ்சல் அட்டையில் எழுதியிருந்தால் அடுத்த நாள் போய்ச் சேர்ந்திருக்கும். ஊர் முழுக்க அட்டை விற்கிறவள் நான்.

பத்து நாள் இப்படியே போனது. புண்ணில் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வருவதும், காது வலியும், மாற்றாளை வைத்துத் தபால் நிலையம் நடத்துவதும் சலித்துவிட்டது. பதினோராம் நாள் காலையில் பஸ்ஸில் என் கணவரிடம் சொன்னேன். "இன்னிக்கோட போதும். வெட்டுறத வெட்டட்டும்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று குழாய் அறையில் ஏசி ரொம்பக் குளிர். காதில் ஏறாமல் இருக்க ஒரு துணி கொடு என்று கேட்டேன். அவள் வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று கொடுத்தாள். அதைத் தலையைச் சுற்றிக் காதை மூடி, தாடைக்கு அடியில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். வெள்ளை அங்கி, எண்ணெயில்லாத தலை, பொட்டில்லாத நெற்றி, கழுத்தில் மஞ்சள் கயிறு, தாடையில் கட்டு. கண்ணை மூடிக் கைகளை நெஞ்சில் சேர்த்துவைத்துப் படுத்தேன். எப்படி இருந்திருப்பேன் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, ரொட்டியும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருக்கிறாள். சொல்லாமல் வந்தாள். வராந்தாவில் என் கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று அவளுக்குத் தெரியாது. கதவில் இருந்த வட்டக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

அந்த வருடங்களில்தான் எங்கள் பக்கம் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வர ஆரம்பித்திருந்தது. கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டி, உள்ளே வாய்க்கட்டுக் கட்டிய பிணம். கம்பத்தில் இருந்து சின்னமனூர்வரை யார் வீட்டில் சாவு என்றாலும் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். என் ஓரகத்தி பார்த்தது அதையேதான். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? நானே பார்த்திருந்தாலும் ரொட்டியைக் கீழே போட்டிருப்பேன்.

என் கணவரை அவள் எழுப்பவில்லை. தொட்டால் மனிதர் உடைந்துபோவார் என்று நினைத்தாளாம். எதிரிலிருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடி ஊருக்கு ஒரு போன், என் அண்ணனுக்கு ஒரு போன். "ஒங்க தங்கச்சி நம்மள விட்டுப் போயிட்டா. பொட்டியில வச்சுட்டாக. நான் எங் கண்ணால பாத்தேன்." பிறகு ஆஸ்பத்திரி கேட்டருகே உட்கார்ந்து, வருகிற சொந்தத்தை எதிர்பார்த்துத் தனியாக அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு என்மேல் உண்மையான பாசம். அதை நான் அன்றுவரை சரியாகக் கவனித்ததில்லை.

உள்ளே எனக்கு ஒன்றும் தெரியாது. மைக்கில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. நேரம் முடிந்தது, இனி அழுத்தத்தை இறக்குவாள் என்று தெரியும். குழாயில் ஏதோ இடித்தது போல் இருந்தது. கண்ணைத் திறந்தேன்.

என் முகத்துக்கு நேரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் அண்ணன் முகம்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். மீசை நரைத்துவிட்டிருந்தது. வாயைத் திறந்து அழுகிறான், எனக்குச் சத்தமே கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் என் ஓரகத்தி தலையை விரித்துப்போட்டு மாரில் அடித்துக்கொள்கிறாள், அதுவும் கேட்கவில்லை. தூக்கம் கலைந்த என் கணவர் எல்லாரையும் மாறி மாறிப் பார்க்கிறார். அண்ணன் வீட்டில்தான் யாரோ போய்விட்டார்களோ என்று எனக்குத் திக்கென்றது. என்னவென்று கேட்கக் கையைத் தூக்கினேன்.

பிணம் கையைத் தூக்கியதைப் பார்த்த என் ஓரகத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் அண்ணன் பயப்படவில்லை. என் கை இருந்த இடத்தில், கண்ணாடிமேல், தன் உள்ளங்கையை வைத்தான்.

மலையாளத்துப் பெண் பாய்ந்து வந்து அவர்களிடம் ஏதோ கத்தினாள். அண்ணன் குழாயின் பூட்டைக் காட்டித் திற, திற என்கிறான். அவள் தலையாட்டி மறுத்தாள். அழுத்தத்தை மெதுவாகத்தான் இறக்க முடியும், கால்மணி நேரம் ஆகும். அதுவரை என்னாலும் வெளியே வர முடியாது, அவனாலும் என்னை விட்டுப் போக முடியவில்லை. அவள் அவன் கையில் மைக்கைக் கொடுத்து, அதிலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"ஏ புள்ள, இருக்கியா?" என் அண்ணன் குரல்.

"இருக்கேன்."

"இருந்துக்கிட்டா இப்பிடிக் கட்டையா நீட்டிக் கெடக்க?"

"வைத்தியம்ணே. கால் புண்ணுக்கு. செத்துட்டேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

அவன் திரும்பித் தரையில் இருந்தவளைப் பார்த்தான். அவள் அதற்குள் எழுந்து, "கண்ணாடிப் பொட்டின்னா என்னான்னு நெனைக்க?" என்று எல்லாரையும் திட்ட ஆரம்பித்திருந்தாள். அது மைக்கில் நன்றாகவே கேட்டது.

அப்போதுதான் அண்ணனின் கக்கத்தைக் கவனித்தேன். ஒரு ஜவுளிக்கடைப் பை. நான் பார்ப்பதைப் பார்த்ததும் அவன் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டுச் சேலை வந்து மேலே விழ வேண்டும். கோடி என்போம். அதைப் போர்த்தாமல் தூக்க மாட்டார்கள். எந்தப் பகை இருந்தாலும் அந்தச் சேலையைக் கொண்டுவர வேண்டியவன் அண்ணன்தான்.

"கோடியாண்ணே?"

பையை இன்னும் பின்னுக்குத் தள்ளினான்.

"என்ன கலரு?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கிளிப்பச்ச. சுங்குடி. ஒனக்குப் பிடிக்கும்ல."

செத்துப்போனவளுக்குச் சேலை எடுக்கப் பெரியகுளத்தில் இறங்கி, பஸ்ஸுக்கு நேரமில்லாத அவசரத்தில், எனக்குப் பிடித்த நிறத்தைத் தேடி எடுத்திருக்கிறான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதேன். உடனே மைக்கில் அந்தப் பெண். "கரையண்டா அம்மா! மூக்கு அடைஞ்சா செவி வலிக்கும். அழாதீங்க, எச்சில் முழுங்குங்க." அழவும் விடாத ஒரு இடத்தை அன்றுதான் பார்த்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எச்சிலை முழுங்கிக்கொண்டு, ஏழு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கிக் கோயில்ல நான் செஞ்சது தப்பு. ஒங்க மடியில வச்சுத்தான் குத்தியிருக்கணும். காத்திருந்திருக்கணும்."

"அத வெளிய வந்து சொல்லு."

"வெளிய வந்தாச் சொல்ல மாட்டேன்."

என் கணவர் சத்தமாகச் சிரித்தார். அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

கதவு திறந்து நான் வெளியே வந்ததும், எப்போதும் பேசாத என் கணவர் வாயைத் திறந்து போட்டுக்கொடுத்தார். "மச்சான், இன்னிக்கோட நிறுத்தப் போறேன்னு சொல்லுறா. கால வெட்டட்டுமாம்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் அப்பாவின் கோபம் முழுசாக இருந்தது. "இன்னும் எத்தன தடவ பாக்கி?"

"பத்தொம்பது."

"கோடி எடுத்துட்டு ஓடியாந்த மனுசன்டி நானு. ஒங் கால வெட்டுறதப் பாத்துட்டு வீட்டுக்குப் போவேன்னா நெனைக்க? பத்தொம்பது நாளும் நானும் வாரேன். நடந்து எங்க வீட்டுக்கு வார. ரெண்டு காலோட வார."

"வாரேன். ஆனா அந்தச் சேல எனக்கு வேணும்."

"கிறுக்கா புடிச்சிருக்கு? அது கோடி. ஆத்துல விட்டுட்டுத் தலைமுழுகுறது."

"ஏழு பொங்கலுக்குச் சேல வரல. இப்பத்தான் ஒண்ணு வந்திருக்கு. அதையும் ஆத்துக்குக் குடுப்பீகளா? நான் நடந்து வார அன்னிக்கி அதக் கட்டிக்கிட்டுத்தான் வருவேன்."

என் ஓரகத்தி காதைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். பையை என் கணவரிடம் கொடுத்தான்.

நாலு பேருமாக ஊர் வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. ஓரகத்தி மறுபடி போன் போட்டுச் சொல்லியிருந்தாள்தான், ஆனால் முதல் போன் அளவுக்கு இரண்டாவது போனை யாரும் நம்பவில்லை. வீட்டு முன்னால் சாமியானாப் பந்தல். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் கொட்டுக்காரர்கள். தபால் நிலையக் கதவில், மெயில் கொண்டுபோகிறவர் கையெழுத்தில், 'இன்று விடுமுறை' என்று ஒரு சீட்டு. உள்ளே என் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டியைப் போட்டு, என் சுவிட்சிலேயே வயரையும் செருகி, எனக்காகக் குளிரவைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வேலையாக அந்தச் சீட்டைக் கிழித்தேன். அடுத்து வயரைப் பிடுங்கினேன். "யாரு என்னயக் கேட்டு என் ஆபீசப் பூட்டுனது?" என்று நான் கத்திய கத்தலில்தான் நான் உயிரோடு இருப்பதை ஊர் முழுசாக நம்பியது. கொட்டுக்காரர்கள் எழுந்து, "வந்தது வந்துட்டோம், ஒரு அடி அடிச்சிட்டுப் போறோமே" என்றார்கள். அடித்தார்கள். பிள்ளைகள் ஆடின, என் மகன் முன்னால் நின்று ஆடினான். அவன் காதைத் தடவிப் பார்த்துவிட்டு என் அண்ணனும் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினான். நான் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த சாயங்காலம் வேறு இல்லை.

மறுநாளிலிருந்து அண்ணன் கெங்குவார்பட்டியிலிருந்து எங்களுக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். நான்கே நாளில் அவன்தான் அந்தக் குழாய்க்கு அதிகாரி மாதிரி ஆகிவிட்டான். புதிதாக வருகிறவர்களிடம், "இது ஐஸ் பொட்டி இல்லீக, அமுக்கமா ஆக்சிஜன் குடுக்குற பொட்டி. தலையில எண்ண வச்சிருக்கீகளா? போயி அலசிட்டு வாங்க" என்பான். பஞ்சாலையில் புகை மூச்சில் ஏறி மயங்கிய ஒருவருக்கு அவசரமாக அதில் வைத்தியம் செய்தபோது, அவர் மனைவியை அவன்தான் பக்கத்தில் உட்காரவைத்துத் தைரியம் சொன்னான். மலையாளத்துப் பெண் கேட்டுக்கொண்டதால் கதவில் ஒட்ட நான் ஒரு அட்டை எழுதிக்கொடுத்தேன். 'உள்ளே இருப்பவர் நலமாக இருக்கிறார். அழ வேண்டாம்.' எனக்குத் தபால் நிலையக் கையெழுத்து, தூரத்திலிருந்தே படிக்கலாம்.

பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ, டாக்டர் புண்ணைச் சுரண்டியபோது குபுக்கென்று ரத்தம் வந்தது. நான் பயந்து அண்ணன் கையைப் பிடித்தேன். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்குத்தாம்மா காத்திருந்தேன். கடைமடைக்குத் தண்ணி வந்துருச்சு" என்றார். வெள்ளைத் துணியில் நல்ல சிவப்பு. அந்த மணியார்டர்க்காரரை நினைத்துக்கொண்டேன். தபால் நிலையத்தில் சிவப்பு மை இல்லை என்று அவரை அதட்டியதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பழக்கம் அப்போது எனக்குப் புதிதாக வந்திருந்தது.

முப்பதும் முடிந்தது. கறுத்துப்போன சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள். பாதம் நின்றது. குழாயா, ஊசியா, கட்டா, வாயைக் கட்டியதா, எது காப்பாற்றியது என்று கேட்டேன். எல்லாவற்றையும் விடாமல் செய்ததுதான் என்றார் டாக்டர்.

அடுத்த பொங்கலுக்குக் கெங்குவார்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கி, ஒன்பது விரலோடு, மெத்தைச் செருப்பு போட்டுக்கொண்டு, அண்ணன் வீடுவரை நடந்தேன். கிளிப்பச்சைச் சுங்குடி கட்டியிருந்தேன். தலைநிறைய எண்ணெய், தலைநிறையப் பூ. வாசலில் நின்ற அண்ணிக்கு, அண்ணன் சொல்லியிருந்த நிறத்தை வைத்தே சேலை அடையாளம் தெரிந்துவிட்டது. "ஆத்தாடி, அதையா கட்டிட்டு வந்திருக்கீக?" என்று சத்தம் போட்டார். அண்ணன் உள்ளேயிருந்து வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"சேல நல்லாருக்காண்ணே?" என்றேன். "பத்திரமா மடிச்சு வைக்கப் போறேன். நான் போற அன்னிக்கி நீங்க இன்னொண்ணுக்குக் கடைக்கு ஓட வேண்டாம்."

அவனுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "மடிச்சு வச்சே, அம்புட்டுத்தான். கட்டிக் கிழி. நாராக் கிழியிற மட்டும் கட்டு. அந்தச் சேல ஒனக்குப் பெறகு நிக்கக் கூடாது."

அண்ணன் சொல்லை நான் எதிர்த்துப் பேசாமல் கேட்ட ஒரே சமயம் அதுதான். தோட்டத்துக்கு அதைத்தான் கட்டினேன், தபால் நிலையத்துக்கு அதைத்தான் கட்டினேன். ஓரகத்தி முதலில் முகத்தைத் திருப்பினாள், பிறகு பழகிவிட்டாள். மூன்றாம் வருடம் முந்தானை நைந்தது, நாலாம் வருடம் நடுவில் கிழிந்தது. அதன்பிறகு சதுரம் சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டேன். சர்க்கரைக்காரர்கள் தினமும் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. வாசல் விளக்கைப் போட்டதும் படியில் உட்கார்ந்து, என்னைப் போர்த்துவதற்காக என் அண்ணன் அழுதுகொண்டு வாங்கிவந்த அந்தப் பச்சைத் துணியால், ஒன்பது விரலையும் ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன்.